ராமேசுவரம் தீவின் இரண்டு கடல்கள்: தூண்டில் போட வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராடும் ரீலும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் தமிழ்நாட்டில் இப்போது நிறையப் பேர். மதுரை, திருச்சி, கோவை, சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் வார இறுதியில் மண்டபம், பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் வருகிறார்கள். வருவதற்கு முன் அவர்கள் கேட்பவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தொண்டியிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள கரையும் கரையை ஒட்டிய கடலும்தான் இதில் வரும். ஆழ்கடலுக்குப் போய்ச் சூரையும் மயில்மீனும் பிடிப்பது தனி விஷயம், அதை இங்கே தொடவில்லை.

இங்கே மீன் சீசன் எந்த மாதம்?

இந்தப் பகுதியில் மாதத்தை விடக் காற்றுதான் முக்கியம். ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடகடல், தென்கடல் என்பார்கள். வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) அடிக்கும் காலத்தில் வடகடல் கலங்கிக் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலத்தில் அப்படியே தலைகீழ்: தென்கடல் கரையில் அலை ஆளைத் தள்ளும், வடகடல் குளம்போல் இருக்கும். தனுஷ்கோடிச் சாலையில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தால் ஒரே நேரத்தில் இரண்டையும் காணலாம்.

இதனால் இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கரையில் தூண்டில் போட முடியும். இப்படி வாய்ப்புள்ள இடம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தீவின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காற்று மாறும்போது படகைக் கரை மாற்றி, சிலர் குடும்பத்தோடு இடம் மாறித் தொழில் செய்து வந்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு வருகிறவர்களும் அந்த வழக்கத்தையே பின்பற்றினால் போதும், பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்லும் வழக்கமும் உண்டு. அந்தப் பெயரை நம்பி டிசம்பரில் வடகடலில் இறங்கிவிடாதீர்கள்.

சரி, ஆனாலும் விடுமுறை போட மாதக்கணக்கு வேண்டுமே?

வாடை அக்டோபர் நடுவில் தொடங்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும் வரக்கூடிய காலம். இந்த மூன்று மாதங்களுக்கு முன்கூட்டியே அறை பதிவு செய்வது வீண். வானிலை தெளிந்ததும் இரண்டு நாளில் கிளம்பத் தயாராக இருங்கள். இந்தக் காலத்தில் முகத்துவாரங்களை மறக்கக் கூடாது. வைகை, ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவில் சேர்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. மழைவெள்ளம் வடிந்து இறங்கும்போது இறாலும் மடவைக் குஞ்சும் அதோடு கடலுக்கு வரும், அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் வாயிலில் காத்திருக்கும். வெள்ளம் வேகமாக வரும் நாளில் வேண்டாம். அது தணிந்து, செம்மண் நிறம் வெளுத்துப் பச்சையாகும் நாட்களில் போங்கள். கொடுவாவுக்கு அதுதான் நேரம்.

ஜனவரி, பிப்ரவரியில் வாடை இன்னும் இருக்கும், ஆனால் மழை நின்றிருக்கும். தென்கடல் தெளிந்து, காலை வேளைகளில் அலையே இல்லாமல் கிடக்கும். குடும்பத்தோடு வந்து கரையிலிருந்து தூண்டில் போட ஏற்ற மாதங்கள் என்று கேட்டால் இவற்றையும் மார்ச்சையும்தான் சொல்வேன். மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கி இரண்டு கடலும் ஒன்றுபோல் இருக்கும். மே மாதம் நீர் சூடாகிவிடும். பவளப்பாறைகள் வெளிறிப்போகும் அளவுக்குச் சூடேறிய ஆண்டுகள் உண்டு: 2010, 2016, 2024. அப்போது விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் மீன் கடிக்கும், நடுப்பகலில் வெயிலில் நிற்பது உடம்புக்குக் கேடு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான். தென்கடல் கரையை மறந்துவிட்டு வடகடல் பக்கம் வாருங்கள். தமிழ்நாட்டின் மற்ற கரைகளிலிருந்து வருகிறவர்கள் இந்த மாதங்களை ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான். தொண்டியிலிருந்து மண்டபம் வரை வடகடல் கரையில் ஜூலை மாதக் காலைகள் மிக நன்றாக இருக்கும்.

மே மாதம்தான் பிள்ளைகளுக்கு லீவு. அது தடைக்காலம் ஆயிற்றே, தூண்டில் போடலாமா?

போடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு உண்டு. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுகளுக்கும் கரையிலிருந்து தூண்டில் போடுவோருக்கும் அந்தத் தடை இல்லை.

ஆனால் தடை எதற்கு என்பதை யோசித்துப் பாருங்கள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்றுதான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருமானம் இல்லாமல் இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கின்றன. அந்த நேரத்தில் பொழுதுபோக்குக்கு வருகிற நாம் வயிற்றில் முட்டையோடு இருக்கும் பெரிய மீன்களைப் பெட்டி நிறைய எடுத்துப்போவது முறையல்ல. வீட்டுச் சமையலுக்கு ஒன்றிரண்டு போதும், மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

காற்றை எப்படிப் பார்ப்பது? எவ்வளவு வேகம் வரை போகலாம்?

செல்பேசியில் காற்று காட்டும் செயலிகள் பல இருக்கின்றன, எதை வேண்டுமானாலும் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்காக அலை, நீரோட்ட முன்னறிவிப்பு தருகிறது. எச்சரிக்கைக்கு அதையும் வானிலை ஆய்வு மையத்தையும் நம்பலாம். மணிக்கு 15 கிலோமீட்டருக்குள் காற்று என்றால் சிறிய படகில் வசதியாக இருக்கலாம். 25-ஐத் தாண்டினால் கரையோடு நின்றுகொள்வது நல்லது.

வேகத்தை விடத் திசையைத்தான் புதியவர்கள் கவனிக்க வேண்டும். கச்சான் காலத்தில் வடகடல் கரை ஏன் அமைதியாக இருக்கிறது? காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது, அதனால் கரையோரம் அலை எழுவதில்லை. அதே காற்று, கயாக்கிலோ காற்றடைத்த படகிலோ போகிறவரை மெல்ல மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அரை கிலோமீட்டர் போனபின் திரும்பித் துடுப்புப் போட்டால்தான் காற்றின் பலம் தெரியும். கரை அருகில் தெரியும், ஆனால் நெருங்காது. வடகடலில் அப்படி இழுபட்டுப் போனால் போய்ச் சேரும் இடம் பன்னாட்டுக் கடல் எல்லை. கச்சான் மாதங்களில் எஞ்சின் இல்லாத எதிலும் வடகடலில் இறங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். கயாக் ஆசை இருந்தால் மார்ச் மாதக் காலைப்பொழுதில், உயிர்காப்பு உடை அணிந்து, கரையை ஒட்டியே போய்வாருங்கள்.

இங்கே ஏற்றமும் வற்றமும் மீன்பிடிப்பைப் பாதிக்குமா?

நீர்மட்ட வித்தியாசம் இங்கே குறைவு, பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தொடாது. குஜராத் கரையில் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். ஆனாலும் நீர் ஓடுகிற நேரம், நிற்கிற நேரம் என்ற வேறுபாடு இங்கேயும் உண்டு. பாம்பன் கால்வாய் போன்ற குறுகிய இடங்களிலும் முகத்துவாரங்களிலும் அது மிக நன்றாகத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுக்கும். இரை மீன்கள் ஓட்டத்தில் அடித்து வரப்படும்போதுதான் வேட்டை மீன்கள் சுறுசுறுப்பாகும். ஓட்டம் தொடங்கும் ஒரு மணி நேரமும் அடங்கும் ஒரு மணி நேரமும் நல்லவை. ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்று ஆறு மணிக்கு மீன் கடித்த இடத்தில் இன்று ஏழு மணியை எதிர்பார்க்கலாம்.

பாம்பன் பாலத்தில் நின்று தூண்டில் போடலாமா?

கூடாது. சாலைப் பாலம் குறுகியது, போக்குவரத்து நிறைந்தது. ரயில் பாலத்தில் ஏறுவது குற்றம், அது 1914-ல் திறந்த பழைய பாலமானாலும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலமானாலும் சரி. பாலத்தின் அடியில் ஓட்டம் மிகக் கடுமை. பக்கத்துக் கரைகளில் நின்று போடுவதற்கு இடம் இருக்கிறது.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் படகில் போய் மீன் பிடிக்க முடியுமா?

முடியாது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்கவோ அங்கே மீன் பிடிக்கவோ கூடாது. "நான் கூட்டிப்போகிறேன், யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று படகுக்காரர் ஒருவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிடிபட்டால் அவருடைய படகுதான் பறிமுதலாகும். அவருக்கு அது வாழ்வாதாரம், உங்களுக்கு ஒரு நாள் பொழுது.

தீவைப் பார்க்க ஆசை என்றால் வனத்துறையே குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் படகு விடுகிறது. தூண்டிலை அறையில் வைத்துவிட்டுப் போய்வாருங்கள்.

மீன் வளம் இந்தக் கரையில் இன்னும் மிச்சம் இருப்பதற்கு இந்தத் தீவுகளும் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும்தான் காரணம். குஞ்சுகள் வளரும் இடம் அது. நமக்குக் கரையில் கிடைக்கும் பாறை மீனிலும் விளமீனிலும் எத்தனையோ அங்கே வளர்ந்தவைதான். அதனால் இந்தக் கட்டுப்பாட்டைத் தூண்டில்காரர்கள்தான் முதலில் ஆதரிக்க வேண்டும்.

உரிமம் வாங்க வேண்டுமா?

கரையில் நின்று தூண்டில் போடத் தனி உரிமம் வாங்கும் நடைமுறை தமிழ்நாட்டுக் கடற்கரையில் இல்லை. படகில் போவதானால் அந்தப் படகு மீன்வளத்துறையில் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். ஆதார் அட்டை உங்களிடம் இருக்க வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடலோரக் காவல் படை, கடற்படை என யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். துறைமுக வளாகங்கள், கடற்படை இடங்கள், தேசியப் பூங்கா ஆகியவை தடை. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை, இரவு தங்கித் தூண்டில் போடும் திட்டத்தோடு வராதீர்கள். அங்கே பூநாரைகள் வந்து மேயும் நீர்நிலைப் பகுதி 2025-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, அதற்குள்ளும் இறங்க வேண்டாம்.

எல்லைக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த எல்லைக் கோடு அதன் இடையே போகிறது. கடலில் கோடு தெரியாது, ஜிபிஎஸ்தான் கண். அந்த எல்லையில் எத்தனை மீனவர்கள் கைதாகியிருக்கிறார்கள், எத்தனை படகுகள் திரும்பி வரவில்லை என்பது ராமேசுவரத்தில் எந்த வீட்டிலும் தெரிந்த துயரம். தூண்டில் பயணத்துக்கு எல்லைப் பக்கம் போகவே தேவையில்லை. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நல்ல மீன் இருக்கிறது.

என்ன ராடு, என்ன ரீல்?

முதல் முறை என்றால் ஒரே செட்டில் தொடங்குங்கள்: 8 அல்லது 9 அடி நீளமுள்ள ஸ்பின்னிங் ராடு, 4000 அல்லது 5000 அளவு ரீல், 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு நரம்பு (பின்னிய தூண்டில் இழை), அதன் முனையில் ஒரு பாகம், அதாவது இரு கையையும் விரித்த நீளத்துக்கு, 40 பவுண்டு லீடர் (தடித்த முனை நரம்பு). 20 முதல் 40 கிராம் வரை லூர் (செயற்கை இரை) எறிய இது போதும். கொடுவா, நடுத்தரப் பாறை மீன், ஊளி எல்லாவற்றையும் இதில் கையாளலாம்.

ஊளிக்கும் வஞ்சிரத்துக்கும் பல் கத்திபோல் இருக்கும். அவை சுற்றும் இடத்தில் சிறிய ஸ்டீல் லீடர் கட்டாவிட்டால் லூரோடு நரம்பும் போய்விடும். இன்னொரு விஷயம், வாயில் முள்ளோடும் பின்னால் தொங்கும் நரம்போடும் தப்பிய மீன் நீண்ட நாள் அவதிப்படும். அதற்காகவாவது சரியான கட்டு வேண்டும்.

பெரிய பாறை மீனுக்குப் பாப்பர் (நீர்மேல் தெறித்து வரும் லூர்) எறிய வருகிறவர்கள் வேறு செட் கொண்டுவருவார்கள். 30 பவுண்டு நரம்பில் அதை முயல வேண்டாம், பவளப்பாறையில் உரசி அறுத்துக்கொண்டு போய்விடும். உப்புக் காற்றில் ரீல் சீக்கிரம் போகும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவி நிழலில் காயவையுங்கள். வேகமாகப் பீச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்த் தங்கிவிடும்.

விலை உயர்ந்தது எதுவும் கட்டாயம் இல்லை. இங்கே மீனவர்கள் தங்கூஸ் (நைலான்) நரம்பும் ஈயக்குண்டும் முள்ளும் மட்டும் வைத்துக் கைத்தூண்டிலில் பிடிக்கும் மீனைப் பார்த்தால் கருவியை விட இடமும் நேரமும்தான் பெரிது என்பது விளங்கும்.

இரை நல்லதா, லூர் நல்லதா?

நீர் கலங்கியிருந்தால் இரை. இறால், கணவாய்த் துண்டு, சாளை மூன்றில் எது அன்று கரையில் புதிதாகக் கிடைக்கிறதோ அது. நீர் தெளிந்திருந்தால் லூர். வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். அடியில் சேறும் கடற்புல்லும் உண்டு, கொஞ்சம் காற்றடித்தாலே கலங்கிவிடும். தென்கடல் சீக்கிரம் ஆழமாகும், தெளிவும் அதிகம். எனவே வடகடலில் இரையையும், மெதுவாக இழுக்கும் சாஃப்ட் பிளாஸ்டிக் லூரையும் நம்புங்கள். தென்கடலில் மெட்டல் ஜிக்கும் (கனமான உலோக லூர்) பாப்பரும் எடுக்கும். கடற்புல் மேல் எறியும்போது முள் மேல்நோக்கி இருக்கும் ஜிக்ஹெட் (ஈயத்தலை வைத்த முள்) போட்டால் புல்லில் மாட்டாது, புல்லும் பிடுங்கப்படாது. ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு அந்தப் புல்தான் உணவு. பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது இந்தப் புல்வெளிகளைக் காக்கத்தான்.

கரையிலிருந்து என்னென்ன மீன் எதிர்பார்க்கலாம்?

பிள்ளைகளோடு வந்தால் கிழங்கான். மணல் கரையில், முழங்கால் ஆழத்தில், சிறிய முள்ளில் இறால் துண்டு வைத்துப் போட்டால் கிடைக்கும். பொரித்தால் அதன் ருசிக்கு ஈடு இல்லை. கல்லும் பாறையும் உள்ள இடத்தில் விளமீன், சிறிய கலவா. கலவா இரையை விழுங்கியதும் பொந்துக்குள் புகுந்துகொள்ளும், முதல் மூன்று விநாடியில் தூக்கிவிட வேண்டும். முகத்துவாரத்தில் கொடுவா, செப்பிலி. ஓட்டமுள்ள இடத்தில் பாறை மீன், கட்டா, ஊளி. முரல் மேல்மட்டத்தில் எப்போதும் சுற்றும், அதைத் துரத்திக்கொண்டு வரும் பெரிய மீன்தான் நமக்கு வேண்டும். முரல் கூட்டம் திடீரென்று தண்ணீருக்கு மேலே துள்ளிச் சிதறினால் அங்கே உடனே எறியுங்கள்.

படகில் சற்று உள்ளே போனால் வஞ்சிரமும் கடல் விராலும் சேரும். கடல் விராலை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2010-ல் முட்டையிடவைத்துக் குஞ்சு பொரித்தார்கள், இந்தியாவில் அதுவே முதல் முறை. மிதவைக் கூண்டுகளில் வளர்க்கும் மீனாகவும் அது இப்போது இருக்கிறது. கூண்டுகளின் அருகே தூண்டில் போடாதீர்கள், அது ஒருவருடைய சொத்து.

கணவாய்க்குத் தூண்டில் போடலாமா?

தாராளமாக. இறால் வடிவத்தில் செய்த ஜிக்கை எறிந்து, சுண்டி, கீழே இறங்கவிட்டு மறுபடி சுண்ட வேண்டும். இறங்கும்போதுதான் கணவாய் பிடிக்கும், நரம்பு திடீரென்று கனக்கும். நீர் தெளிந்த காலமும் பொழுது சாய்ந்தபின் விளக்கு வெளிச்சம் விழும் இடமும் ஏற்றவை. ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய் இரண்டும் கிடைக்கும். தூக்கும்போது அதன் குழாயை உங்களை விட்டு வேறு பக்கம் திருப்பிப் பிடியுங்கள், மை சட்டையில் பட்டால் போகாது. கரையோரக் கல்லிலும் செடியிலும் வெள்ளைக் கொத்தாகக் கணவாய் முட்டைகள் ஒட்டியிருக்கக் கண்டால் தொடாமல் விடுங்கள்.

எந்த மீனை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பொதுவாக எல்லோரும் சிறியதை விட்டுப் பெரியதை எடுப்பார்கள். சிறியதை விடுவது சரிதான். ஆனால் பெரியதை எடுப்பது எல்லா மீனுக்கும் சரியல்ல.

கொடுவா ஆணாகவே வளர்ந்து முதிரும், சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். எனவே மிகப் பெரிய கொடுவா எல்லாமே ஏறக்குறைய பெண்தான், முட்டைகள் இலட்சக்கணக்கில் இடுபவை. கலவாவில் இது எதிர்மாறு: பெண்ணாக முதிர்ந்து பிறகு ஆணாகும். ஒரு பாறைப் பகுதியில் பெரிய கலவாக்களை எல்லாம் எடுத்துவிட்டால் அங்கே ஆண் மீனே இல்லாமல் போகலாம். அதாவது இரண்டு மீனிலும் பெரியவற்றைத்தான் அதிகம் காக்க வேண்டும். நடுத்தர அளவில் ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு, மிகப் பெரியதைப் படம் எடுத்துவிட்டு விடுங்கள். உண்பதற்கும் நடுத்தர மீன்தான் நன்றாக இருக்கும், பெரிய மீனின் சதை நார்நாராக இருக்கும்.

விடும் மீன் பிழைக்க வேண்டும் என்றால் சில காரியங்கள் செய்ய வேண்டும். மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள், அதன் முனையருகே பின்னோக்கி நிற்கும் செதிலை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இரை போடுகிறவர்கள் முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள் பயன்படுத்தினால் மீன் விழுங்காது, வாயோரத்தில்தான் மாட்டும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கையும் சுடுமணலும் மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடக் கூடாது. வாயை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே இன்னொரு கையைக் கொடுங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நேரத்துக்குள் படம் எடுத்து முடிக்க வேண்டும். பிறகு தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, அதுவே வாலடித்துக் கிளம்பும் வரை பிடித்திருங்கள். வீசி எறிவது கொல்வதற்குச் சமம்.

பிடித்தால் சட்டச் சிக்கல் வரும் உயிரினங்கள் உண்டா?

உண்டு. ஆமைகள், ஆவுளியா, ஓங்கில் (டால்பின்), திமிங்கலச் சுறா, வேளா மீன் (ரம்ப மீன்), கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2022-ல் திருத்திய சட்டத்தில் வேறு சில சுறா, திருக்கை, உழுவை (கிட்டார் மீன்) வகைகளும் பட்டியலில் இருக்கின்றன. பார்த்தவுடன் இனம் பிரிப்பது கடினம் என்பதால் தூண்டிலில் சுறாவோ உழுவையோ மாட்டினால் நீரிலேயே வைத்து நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டி விட்டுவிடுவதே நல்லது. பவளத்துண்டு, இறந்தது என்றாலும், கையில் எடுத்துவரக் கூடாது.

முள் குத்தினால் என்ன செய்வது?

கெளுத்தி, ஒரா, திருக்கை மூன்றின் முள்ளிலும் விஷம் உண்டு. கல்போலவே அசையாமல் கிடக்கும் கல்மீன் இன்னும் மோசம், பாறைப் பகுதியில் தடித்த அடியுள்ள செருப்பில்லாமல் நடக்காதீர்கள். குத்திய இடத்தைச் சுத்தமான நீரில் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் (சுமார் 45 டிகிரி) அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் மூழ்கவைத்தால் வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துக்கொள்ளுங்கள், வலியில் தோல் வெந்துபோவது தெரியாது. திருக்கை முள் மார்பிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றக் குத்துகளுக்கும் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பேத்தை மீன் மாட்டினால் விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

கடல் பச்சையாகி நுரைத்துக் கிடக்கிறது, மீனே இல்லை. ஏன்?

பூங்கோரை வந்திருக்கும். ஒருவகை நுண்ணுயிர் திடீரென்று பெருகி நீரைப் பச்சையாக்கிவிடும், உயிர்வளி குறைந்து மீன் செத்து ஒதுங்குவதும் உண்டு. 2019 செப்டம்பரில் பாம்பன் குந்துகால் பக்கம் அப்படி நடந்தது. ஒதுங்கிய மீனை எடுக்காதீர்கள். அடுத்த பக்கக் கடலுக்கு மாறிவிடுங்கள், அல்லது சில நாள் பொறுங்கள்.

உள்ளூர் மீனவர்களோடு எப்படி நடந்துகொள்வது?

"அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டாலே போதும். எந்தச் செயலியும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். கரைவலை இழுக்கும் இடத்திலிருந்து விலகி நின்று தூண்டில் போடுங்கள், வலையில் உங்கள் லூர் மாட்டினால் வலை கிழியும், இழுப்பவர் கையும் கிழியும். கட்டியிருக்கும் நாட்டுப்படகில் கேட்காமல் ஏறாதீர்கள்.

படகு வாடகைக்குப் பேசும்போது விலையை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். அன்று அவர் தொழிலுக்குப் போகாமல் உங்களோடு வருகிறார். அவர் விடும் இடத்தில் மீன் நன்றாகக் கிடைத்தால் அந்த இடத்தின் ஜிபிஎஸ் குறியைப் படத்தோடு சேர்த்து எல்லோருக்கும் பரப்பாதீர்கள். அது அவர் தந்தையிடமும் தாத்தாவிடமும் கற்ற இடம். அடுத்த வாரம் பத்துப் படகு அங்கே நின்றால் அவருக்குத்தான் இழப்பு. நீங்கள் பிடித்த மீனை விற்கவும் வேண்டாம். சந்தை அவர்களுடையது.

புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், ஆனால் வானம் தெளிவாக இருக்கிறது. போகலாமா?

வேண்டாம். பாம்பனிலும் தூத்துக்குடியிலும் ஏற்றும் கூண்டு எண் 1 என்றாலும், தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். வானம் தெளிவாக இருக்கும்போதே தூரத்துப் புயலின் அலைகள் வந்து சேரும். இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை விடும் நாட்களும் அப்படித்தான். காற்றே இல்லாமல் பேரலை கரையேறும், தென்கடலின் கல்முனைகளிலும் தூண்டில் வளைவுகளிலும் (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள்) நிற்கிறவர்களை வாரிக்கொண்டு போகும். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் செல்பேசியில் முன்பே பதிந்து வையுங்கள். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று கரையிலேயே எண்ணிப் பாருங்கள்.

பிடித்த மீனை மதுரைக்கோ கோவைக்கோ எப்படிக் கெடாமல் கொண்டுபோவது?

பிடித்தவுடன் தலையில் தட்டிக் கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, பொடித்த ஐஸில் புதையுங்கள். செத்த மீனை வெயிலில் வாளியில் போட்டு வைத்துவிட்டு மாலையில் ஐஸ் தேடுவது பயனில்லை. ஐஸ் மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் மீன்பிடித் துறைமுகத்தருகே கிடைக்கும், காலையில் கடலுக்குப் போகுமுன் வாங்கிவிடுங்கள். குடலை எடுத்துவிட்டு வயிற்றுக்குள்ளும் ஐஸ் வைத்தால் கோவை வரை தாங்கும். உருகிய தண்ணீரில் மீன் ஊறக் கூடாது, பெட்டியின் அடைப்பை அவ்வப்போது திறந்து வடித்துவிடுங்கள்.

அறுந்த நரம்பையும் மிச்ச இரையையும் என்ன செய்ய?

இரையைக் கடலிலேயே போடலாம், நண்டு தின்றுவிடும். நரம்பைப் போடவே கூடாது. ஆமையின் கழுத்திலும் நாரையின் காலிலும் சுற்றிக்கொண்டால் அதை அவற்றால் கழற்ற முடியாது. ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு வெட்டிய நரம்பையெல்லாம் அதில் திணித்து ஊருக்கு எடுத்துப்போங்கள். கரையில் மற்றவர்கள் விட்டுப்போனது கிடந்தாலும் அதையும் சேர்த்து.